பேர் வைக்க வந்த தலைவர்

என் மூத்த மகளுக்கு ஒன்பது மாதம் வரை பெயர் கிடையாது. பாப்பா, குட்டி, பட்டு என்று அவரவர் வாய்க்கு வந்தபடி கூப்பிட்டோம். அம்மை குத்த வந்தவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பெயர் கேட்டார். இன்னும் வைக்கவில்லை என்றேன். "எப்பம்மா வெப்பீங்க, அதுக்குக் கல்யாணம் ஆனப்புறமா?" என்று கேட்டுவிட்டு, 'பெண் குழந்தை' என்று எழுதிக்கொண்டு போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் இல்லை, என் வீட்டுக்காரர் மேல்.

அப்போதெல்லாம் எந்தத் தலைவர் ஊருக்கு வந்தாலும், அவர் பேசி முடிப்பதற்குள் மேடைக்குக் கீழே நாலைந்து குழந்தைகள் தயாராக இருக்கும். பெற்றவர்கள் வரிசையாக மேலே ஏறிக் குழந்தையை நீட்டுவார்கள். தலைவர் ஒரு பெயரைச் சொல்வார், மைக்கில் அறிவிப்பார்கள், எல்லோரும் கைதட்டுவார்கள். ஒரே மேடையில் மூன்று பெண் குழந்தைகளுக்கு ஒரே பெயரை வைத்துவிட்டுக் காரில் ஏறிப் போனவரும் உண்டு. தலைவர் வரும்வரை பெயர் வைக்காமல் காத்திருந்த குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு இருந்தன. அவர்களுடைய தலைவர்களாவது காஞ்சிபுரத்திலோ மதராஸிலோ இருந்தார்கள். என் வீட்டுக்காரரின் தலைவர் இருந்தது ஆப்பிரிக்காவில்.

என் வீட்டுக்காரர் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். எங்கள் வீடு திருக்கழுக்குன்றத்தில். ஒருநாள் யாரோ சீட்டில் விட்டுப்போன பேப்பரில் அவர் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். சிறையிலிருந்து விடுதலையான ஒரு மனிதரை ஜனங்கள் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார்கள், அவர் வாய்கொள்ளாமல் சிரிக்கிறார். படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார்.

"ஜெயில்லேர்ந்து வர்ற ஆளு இப்டி சிரிச்சி நீ பாத்துகிறியா?"

நான் ஜெயிலிலிருந்து வருகிற யாரையுமே பார்த்ததில்லை. ஆனாலும் நல்ல சிரிப்புதான், அதை மறுக்க முடியாது.

அன்றிலிருந்து பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஓய்வு கிடைத்தால் படிப்பகத்தில் போய் உட்கார்ந்து எல்லாப் பேப்பரையும் புரட்டுவார். அந்த மனிதரைப் பற்றி நாலு வரி வந்தால்கூட எழுதிக்கொண்டு வருவார். எழுதியதை பஸ்ஸில் சொல்வார். திருக்கழுக்குன்றத்தில் ஆரம்பித்தால் பூஞ்சேரி வரும்போது நல்ல கட்டத்தில் நிறுத்திவிடுவார். மிச்சம் மறுநாள்தான். கடற்கரை ஊரில் பிறந்தவர், அம்மா கருவாடு மாதிரி புகைபோட்ட மீனைச் சந்தையில் விற்றவர், பையன் ஐந்து மைல் நடந்து மிஷன் பள்ளிக்கூடம் போனான் என்பதெல்லாம் ஒரு நாள் கதை. வாத்தியார் ஆனது, கப்பலில் ஏறிப்போய்ப் பாத்திரம் கழுவிக்கொண்டே மேலே படித்தது இன்னொரு நாள். திரும்பி வந்து துறைமுகக் கூலிகளையும் லாரி டிரைவர்களையும் ஒன்று சேர்த்தது, வெள்ளைக்காரன் பிடித்து உள்ளே போட்டது எல்லாம் ஒரு வாரத்துக்கு ஓடியது. கதையில் லாரி டிரைவர்கள் வரும் இடத்தில் எங்கள் பஸ் டிரைவர் ஒரு ஹாரன் அடிப்பாராம்.

பேப்பரில் சேதி வராத நாட்களில்தான் சங்கடம். பயணிகள் விடமாட்டார்கள். "இன்னாப்பா, உங்க ஆளு வெளிய வந்துட்டாரா இல்லியா?" என்று கேட்டுக்கொண்டேதான் ஏறுவார்கள். ஒருமுறை பஸ் கதையில், சிறையில் இருந்த தலைவருக்கு இரண்டு வாரம் ஜுரம் வந்தது. நான் அன்று அதே பஸ்ஸில் என் அம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். இறங்கும்போது பிடித்துக்கொண்டேன்.

"ஜுரம்னு எந்தப் பேப்பர்ல போட்டான்?"

"பேப்பர்ல போடல. ஆனா ஜெயில்ல கொசு இருக்காதா?"

கடற்கரையிலிருந்து கூடையோடு ஏறும் ஒரு மீன்காரம்மாவுக்கு இந்தக் கதையில் ஒரே ஒரு விஷயம்தான் ஆறவில்லை. தலைவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. "அம்பது வயசு ஆவப்போவுது, ஒரு பொண்ணு பாத்துக் கட்டிவெக்க அந்த ஊர்ல ஆளில்லியா? யாரு சோறாக்கிப் போடறா?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பாராம். கடைசியில் தேர்தல் நடந்து, தலைவர் ஜெயித்து, பிரதமர் ஆகி, வெள்ளைக்காரன் கொடி இறங்கி அவர்கள் கொடி ஏறிய சேதி வந்தது. என் வீட்டுக்காரர் பஸ்ஸில் மிட்டாய் கொடுத்தாராம். எனக்கு அப்போது ஐந்து மாதம். மிட்டாய் கொடுத்த வேகத்தில், "வூட்ல கொயந்த பொறக்கப்போவுது. பையனோ பொண்ணோ, அவருதான் பேர் வெப்பாரு" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார். எனக்கு அது மறுநாள் தெருவில் மீன் விற்க வந்த மீன்காரம்மா சொல்லித்தான் தெரியும்.

நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். ஆப்பிரிக்காவிலிருந்து எவன் இங்கே வரப்போகிறான் என்ற தைரியம்தான். பிறந்த பதினோராம் நாள் தானாக வழிக்கு வந்துவிடுவார் என்று நினைத்தேன். வரவில்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். என் மகள் பிறந்தது விடிவதற்கு முன்னால். கோழி கூவவில்லை. என் வீட்டுக்காரர் பஸ் நேரத்துக்காகக் கட்டியிருந்த கைக்கடிகாரத்தைப் பார்த்து நாலு நாற்பது என்றார். நம் கணக்குப்படி சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள். ஆகவே அவள் செவ்வாய்க்கிழமைப் பெண். இங்கிலீஷ் காலண்டர்படி பார்த்தால் நள்ளிரவிலேயே புதன் பிறந்தாகிவிட்டது.

என் வீட்டுக்காரரின் அக்கா எங்களோடுதான் இருந்தார். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர், அதனால் அந்த வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம். செவ்வாய் என்று கேட்டதும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஜாதகத்தில் செவ்வாய் நிற்கிற இடம் வேறு, பிறந்த கிழமை வேறு. அது எனக்கே தெரியும், ஜோசியரும் சொன்னார். என் நாத்தனாருக்கு மட்டும் இரண்டும் ஒன்றுதான். "செவ்வாக்கெயமப் பொண்ண எவன்டி கட்டுவான்? இங்கிலீசுல புதன்தானே, புதன்னே சொல்லுங்க. எவன் வந்து பாத்தான்?" என்றார். பஞ்சாங்கத்தைத் தவிர எதையும் நம்பாத அந்த அம்மாள் அன்று ஒருநாள் மட்டும் வெள்ளைக்காரன் காலண்டருக்கு மாறிவிட்டார்.

தம்பி தலையாட்டினார். அதன்பிறகு வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் புதன்தான். எனக்குள் அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. பால் குடிக்கிற குழந்தை, இன்னும் தலை நிற்கவில்லை, அதற்குள் அவளைப் பற்றி மறைக்க ஒரு விஷயம் வந்துவிட்டது. ஊருக்கு ஒரு கிழமை, வீட்டுக்கு ஒரு கிழமை. பெயர் வேறு இல்லை. என் பெண் என்ன திருட்டுச் சாமானா என்று ஒருநாள் கேட்டே விட்டேன். நாத்தனார் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அந்த மூன்று நாளும் நிம்மதியாகத்தான் இருந்தது.

ஒன்பதாம் மாதம் என் வீட்டுக்காரர் பஸ்ஸை விட்டிறங்கி ஓடியே வந்தார். தலைவர் இந்தியாவுக்கு வருகிறார். டில்லி பார்த்து, மதராஸ் வந்து, ஒரு நாள் காலையில் மாமல்லபுரம் சிற்பங்களைப் பார்க்கிறார். பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இப்படியும் ஒரு மனிதனுக்கு அதிர்ஷ்டம் அடிக்குமா?

மாமல்லபுரத்தில் சங்கு, சிப்பிக் கடை வைத்திருந்த ஒரு பாய் என் வீட்டுக்காரருக்கு ரொம்ப வேண்டியவர். வெள்ளைக்காரர்களுக்குச் சிப்பி விற்றே இங்கிலீஷ் கற்றுக்கொண்டவர். ஊர் வியாபாரிகள் சார்பில் தலைவருக்கு வலம்புரிச் சங்கு ஒன்றைக் கொடுக்க அவரைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். "சங்கக் குடுத்தவொடனே நான் அப்டியே ஒதுங்கறேன், நீ கொயந்தய நீட்டிடு. யாராச்சும் புடிச்சா, எங்க வூட்டு ஆளுன்னு நான் சொல்லிக்கிறேன்" என்று பாய் யோசனை சொன்னார்.

அன்று காலை எங்கள் பஸ்ஸில் நிற்க இடமில்லை. கதை கேட்ட அத்தனை பேரும் கதாநாயகனைப் பார்க்கக் கிளம்பியிருந்தார்கள். மீன்காரம்மா தலையில் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். என் வீட்டுக்காரர் கஞ்சி போட்ட காக்கிச் சட்டையில் விறைப்பாக நின்றார். நாத்தனார் என் பக்கத்தில் உட்கார்ந்து வழி முழுக்கக் குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு பெரிதாக்கிக்கொண்டே வந்தார். இறங்கும்போது குழந்தையின் கன்னத்தில் பாதி கறுப்பாகியிருந்தது.

யானைச் சிற்பம் இருக்கும் பெரிய பாறைக்கு எதிரில் பந்தல் போட்டிருந்தார்கள். கார்கள் வந்தன. படத்தில் பார்த்ததைவிட மனிதர் குள்ளம். என் வீட்டுக்காரர் சொன்ன கதையில் பனைமர உயரம். ஆனால் சிரிப்பு அதேதான். பாறையை வெகுநேரம் பார்த்தார். அதில் கண்ணை மூடிக்கொண்டு தவம் செய்வதுபோல் நிற்கும் பூனையைக் கண்டதும் அவரே கைகாட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எங்கள் பஸ் கூட்டம் அவரைச் சொந்தக்காரராகவே சேர்த்துக்கொண்டது.

பாய் சங்கைக் கொடுத்தார். அப்படியே ஒதுங்கினார். என் வீட்டுக்காரர் குழந்தையை என்னிடமிருந்து பிடுங்கி நீட்டினார். கலெக்டர் ஆபீஸ்காரர் ஒருவர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். அதற்குள் தலைவர் குழந்தையை வாங்கிவிட்டார். அவள் அவர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள்.

பாய் எங்கள் வழக்கத்தை இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். பஸ் கதை, ஒன்பது மாதக் காத்திருப்பு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் தலைவர் என் வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் வீட்டுக்காரர் கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு தலைவர் ஏதோ கேட்டார்.

"எந்தக் கெயம பொறந்துதுன்னு கேக்கறாரு. அவுங்க ஊர்ல கெயம வெச்சித்தான் பேராம். திங்கக்கெயம பொறந்தா ஒரு பேரு, வெள்ளிக்கெயமன்னா ஒரு பேரு" என்றார் பாய்.

நாத்தனார் என் இடுப்பில் விரலால் குத்தினார்.

"புதன்" என்றார் என் வீட்டுக்காரர்.

பாய் அதை இங்கிலீஷில் சொன்னார். தலைவர் தலையசைத்துக் குழந்தையைப் பார்த்தார், வாயைத் திறந்தார். இன்னும் ஒரு நொடி போனால் அவ்வளவுதான். இதுவரை பொய் வெறும் பேச்சில் இருந்தது, இனி பேரிலேயே ஏறிவிடும். என் பெண்ணை யார் கூப்பிட்டாலும் அந்தப் பொய்யைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நான் கூப்பிட்டாலும் அப்படித்தான். என்ன தைரியத்தில் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"இல்ல, செவ்வா" என்றேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். பாறைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டதாக மீன்காரம்மா பிறகு சொன்னார்.

பாய் என்னைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "தங்கச்சி, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, பெரிய மனுசன் நிக்கறாரு" என்றார்.

"விடியறதுக்கு மின்னாடி பொறந்தா. கோயி கூவல. நம்ம கணக்குக்கு அது செவ்வா. இவங்க அக்கா, செவ்வான்னா யாரும் கட்டிக்க மாட்டான்னு புதன்னு சொல்லச் சொன்னாங்க. எல்லாத்தயும் சொல்லுங்க பாய்."

பாய் எல்லாவற்றையும் சொன்னார். விரலை நீட்டி நாத்தனாரையும் காட்டினார். அந்த அம்மாள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் யானையைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் குனிந்த தலை நிமிரவில்லை. இந்த மனிதரின் முன்னால் நிற்க இத்தனை நாள் காத்திருந்து, வாயைத் திறந்த முதல் வார்த்தையே பொய் என்றாகிவிட்டது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, சொன்னதில் வருத்தமும் இல்லை.

தலைவர் சிரிக்கவில்லை. கடல் இருக்கும் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு பேசிக்கொண்டே போனார். பாய் கூடவே எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"இவுரு ஊர்லயும் கடக்கரதானாம். அங்க செவ்வாக்கெயமன்னா ஒருத்தனும் வல எடுக்க மாட்டானாம், படகு தள்ள மாட்டானாம். கெட்ட நாளுன்னு இல்லியாம். அன்னிக்கிக் கடலுக்கு லீவாம். கடல் ஒக்காந்து ரெஸ்ட் எடுத்துக்கற நாளாம். அதனால அன்னிக்கிப் பொறந்த பொண்ணுக்கு ரொம்ப மரியாதயாம்."

பின்னால் மீன்காரம்மா "அட, தேவலியே!" என்றார்.

"யாரு சொல்றது நெஜம்னு கேக்கறதுக்கு என்ன கீது, பெத்தவ சொன்னா அதான் கெயம, அப்டீங்கறாரு" என்று முடித்தார் பாய்.

தலைவர் குழந்தையின் கறுத்த கன்னத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, அவள் காதில் சொல்லாமல், என்னைப் பார்த்து அந்தப் பெயரைச் சொன்னார். இரண்டு முறை சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். சரியாகச் சொன்னேனா என்று குனிந்து கேட்டுத் தலையசைத்தார். பிறகு ஒன்று சொல்லிக் குழந்தையை என் கையில் கொடுத்தார். கலெக்டர் ஆபீஸ்காரர் அவரை நகர்த்திக்கொண்டு போய்விட்டார்.

"இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

பாய் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "அவுங்க அம்மாவும் செவ்வாக்கெயம பொறந்தவங்களாம். அது அவுங்க அம்மா பேராம்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் யாரும் கதை கேட்கவில்லை. பூஞ்சேரி தாண்டியும் என் வீட்டுக்காரர் விசிலைக்கூட அரை மனதாகத்தான் ஊதினார். பாதி வழியில் பின் சீட்டிலிருந்து ஒருவர், "இன்னாப்பா, புதன்னு சொல்லிகினு இருந்தியே?" என்றார். நான் குழந்தையை இறுக்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"செவ்வாக்கெயமதான். விடிகாலம் நாலு நாப்பது. நான்தான் வாட்சப் பாத்தேன்" என்று ஒவ்வொரு சீட்டுக்கும் கேட்கும்படி சொன்னார். டிரைவர் ஹாரன் அடித்தார். நாத்தனார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அன்றிலிருந்து ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அந்தப் பெயரை நன்றாக வளைத்து, முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, அவர்தான் தெரு முழுக்கக் கூப்பிட்டார்.

இதோடு நிறுத்தினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தலைவரின் கதை அதோடு நிற்கவில்லை. அடுத்த சில வருஷங்களில் பேப்பரில் வேறு மாதிரி சேதிகள் வர ஆரம்பித்தன. தன்னை எதிர்த்துப் பேசியவர்களை அவர் உள்ளே போட்டார். கூட இருந்த லாரி டிரைவர்களின் சங்கத் தலைவரையே போட்டார். தேர்தலே வேண்டாம், நானே இருக்கிறேன் என்றார். என் வீட்டுக்காரர் அந்தச் சேதிகளை எழுதிக்கொண்டு வரவில்லை. பஸ்ஸில் கேட்டால், "பேப்பர் பாக்க நேரமில்ல" என்பார். பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும், வாய் திறக்கவில்லை. ஒருநாள் பட்டாளத்துக்காரர்கள் தலைவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். வெளிநாடு போயிருந்த மனிதர் திரும்பி வர முடியாமல் வேறு எங்கோ தங்கிவிட்டார். அவர் சிலையைக் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்த படம் வந்தது. என் வீட்டுக்காரர் அன்று சாப்பிடவில்லை.

அந்த வாரம் நானும் மகளும் அதே பஸ்ஸில் செங்கல்பட்டுக்குப் போனோம். அவளைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். பெயர் எழுதிய அட்டை அவள் மடியில் இருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் ஒருவர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "கண்டக்டரே, உங்க ஆளு இந்த லட்சணத்துல ஆயிட்டாரு. இஸ்கோல்ல சேக்கறதுக்கு மின்னாடி பொண்ணு பேர மாத்திடு. நல்ல தமிழ்ப் பேரா வெச்சிடு" என்றார்.

அவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். "மாத்தணுமாப்பா? அவரு கெட்டவராப்பா?" என்றாள்.

அந்த மனிதரைத் திட்டவும் என் வீட்டுக்காரருக்கு வாய் வராது, தாங்கிப் பேசவும் வராது என்று எனக்குத் தெரியும். நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். மகளின் மடியிலிருந்த அட்டையை எடுத்து ஒருமுறை படித்துப் பார்த்தார்.

"இது அவரு பேரு இல்லம்மா, அவுங்க அம்மா பேரு. அந்தம்மா மீன் வித்தாங்க. யாரயும் ஜெயில்ல போடல" என்று சொல்லி அட்டையை அவளிடமே கொடுத்தார்.